பெண்டோநைட் வருது

ராக்கம்மாளுக்குக் காது கூர்மை. அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது வரைக்கும் கணக்கு வைத்திருப்பாள். அதனால், அன்று மத்தியானம் மகன் சித்தார்த்தன் போனில் சொன்னதை அவள் தப்பாகக் கேட்டுவிட்டாள் என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். பின்னால் ஏதோ மிஷின் கடகடவென்று ஓட, அவன் கத்திச் சொன்னது அவள் காதில் விழுந்தது இப்படி:

"அம்மா, பெண் டுநைட் நம்ம வீட்டுக்கு வருது. மழை வர்றதுக்குள்ள உள்ள ஏத்திடணும். ஹபீபுல்லா பாய் கொண்டாந்து விடுவாரு, அவர் நம்பர் அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டான். ராக்கம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சித்தார்த்தனுக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு, கொள்ளிடத்தில் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர் வேலை, முப்பத்திநாலு வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் ஜாதகம் இல்லை, ராக்கம்மாளின் வாய்தான். வந்த பெண்களில் ஒருத்திக்கு மூக்கு சரியில்லை, ஒருத்திக்கு நடை சரியில்லை, மூக்கும் நடையும் சரியாக இருந்தவளுக்குச் சிரிப்பு சரியில்லை. பையன் முதலில் கல்யாணப் பேச்சை நிறுத்தினான், பிறகு அம்மாவோடு பேசுவதையே பாதி நிறுத்திவிட்டான். இப்போது கேட்காமல் கொள்ளாமல் பெண்ணையே வீட்டுக்கு அனுப்புகிறான். 'பொண்ணு' என்று சொல்லாமல் பத்திரிகையில் அடிப்பதுபோல் 'பெண்' என்றது ஏன் என்றும் யோசித்தாள். கூச்சம் வந்தால் படித்தவர்களுக்குச் செந்தமிழ் வந்துவிடும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். இந்தத் தடவையும் முகத்தைச் சுளித்தால் மகன் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவான் என்பது மட்டும் நிச்சயம்.

அதற்காக விசாரிக்காமல் இருக்க முடியுமா? ஹபீபுல்லாவைக் கூப்பிட்டாள். சித்தார்த்தனின் அம்மா என்று சொல்லி, எந்த ஊர் என்று ஆரம்பித்தாள்.

"குஜராத்மா. கட்ச் பக்கம்."

தன் வீட்டுக் குழம்பில் சர்க்கரை விழுவதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். வயசை நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தது. எத்தனை இருக்கும் என்று மெல்ல இழுத்தாள்.

"நாற்பதும்மா. சார் அம்பதுதான் கேட்டாரு, கிடைக்கல."

ராக்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்பதா கேட்டான் படுபாவி? குரலைச் சரிசெய்துகொண்டு, குணம் எப்படி என்றாள்.

குணம் என்றதும் பாய்க்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தண்ணீர் மட்டும் படக்கூடாது, பட்டால் பத்துப் பதினைந்து மடங்கு உப்பிவிடும் என்றார். சும்மா விட்டால் இறுகி அசையாமல் நிற்கும், கலக்கினால் இளகி ஓடும் என்றார். ஓடுமா என்று ராக்கம்மாள் பதற, நன்றாக ஓடும், கலக்குவதை நிறுத்தினால் பழையபடி இறுகிக்கொள்ளும், அதுதான் சிறப்பே என்று பெருமையாகச் சொன்னார். நீர் கோத்துக்கொள்ளும் உடம்பு, கொஞ்சம் கலகம் வந்தால் ஓடிப்போகிற புத்தி. இதில் என்ன சிறப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இது இல்லன்னா சார் பாடு கஷ்டம்மா," என்றார் பாய் கடைசியாக. "எல்லாம் அப்படியே சரிஞ்சு விழுந்துடும்."

அந்த வார்த்தையில் ராக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை உள்ளுக்குள் சரிந்துகொண்டிருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை. நாற்பதோ அம்பதோ, வரட்டும். ஓடினால் பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டினாள். வாசலில் கோலம் போட்டாள். சேமியா பாயசம் வைத்தாள். தண்ணீர் ஆகாதே என்று கூடத்துக் குடத்தைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் ஒளித்தாள். ஆரத்தி கரைத்துத் தட்டோடு காத்திருந்தாள்.

சாயங்காலம் லாரி வந்தபோது மழையும் பிடித்துக்கொண்டது. முன்சீட்டிலிருந்து மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் குதித்து, பின்னால் ஓடி, காற்றில் விலகிய தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். அதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டாள். ராக்கம்மாள் பதறியடித்துக்கொண்டு ஓடி, அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். உப்புகிறாளா என்று உற்றுப் பார்த்தாள். உப்பவில்லை. நாற்பதும் இல்லை, முப்பதுகூட இருக்காது. மனசு நிறைந்து ஆரத்தி சுற்றத் தொடங்கினாள்.

அந்தப் பெண் திகைத்துப்போய் நின்றாள். பிறகு அவள் கண் நிறைந்தது.

"சித்து சொல்லிட்டாரா ஆன்ட்டி? என் பேரு லிசின்னு கூடச் சொன்னாரா? நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னு பயந்துட்டே இருந்தோம்."

தட்டு பாதிச் சுற்றில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஹபீபுல்லா வந்து, நாற்பது மூட்டையையும் எங்கே இறக்குவது என்று கேட்டார். என்ன மூட்டை என்றாள் ராக்கம்மாள். பெண்டோநைட் என்றார் அவர். ஒரு களிமண் பொடி. தண்ணீரில் கரைத்து, ஆற்று மணலில் தோண்டும் குழிக்குள் விட்டால், கான்கிரீட் போடும்வரை குழி சரியாமல் தாங்கும். சைட் ஷெட் ஒழுகுகிறது, அதனால் இன்று ஒரு நாள் இங்கே. இந்தப் பொண்ணுக்கு ஊர் இங்கே பக்கத்துப் பொன்மலை, லோடு வந்தால் சோதித்துப் பார்த்துச் சரி சொல்வது அவள்தான்.

ராக்கம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆள் மாறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் லாரியில் ஏறிப் போய்விடுவாள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. எதிரே லிசி, ஆரத்தி கலைந்துவிடுமோ என்று கண்ணைக்கூடத் துடைக்காமல் நின்றாள். குஜராத்தையும் நாற்பதையும் ஒரே மத்தியானத்தில் செரித்தவளுக்குப் பொன்மலை என்ன பெரிய தூரம் என்று தோன்றியது. நின்ற தட்டை மீண்டும் சுற்றி முடித்தாள். மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கச் சொன்னாள்.

"நீ வலது காலை எடுத்து வச்சு உள்ள வாம்மா," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சித்தார்த்தன் பைக்கை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, பெண்டோநைட் நனையலையே?"

"நனைஞ்சுடுச்சுப்பா," என்றாள் ராக்கம்மாள். "உள்ள தலை துவட்டிக்கிட்டு இருக்கு."