65537-க்கு எதுவும் தெரியாது

இந்த முனையில் ஓர் ஒன்று, அந்த முனையில் ஓர் ஒன்று, நடுவே பதினைந்து பூஜ்ஜியங்கள். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், லீவு நாளிலும் டீச்சர் வேலைதானா என்பார்.

அண்ணன் சந்திரமோகன் தங்கை எழிலரசியின் கேஸ் சிலிண்டர் புத்தகத்தைப் பிரித்து, அதிலிருந்த வாடிக்கையாளர் எண்ணை விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். 65537. கணினி எழுதுவதுபோல் ஒன்றையும் பூஜ்ஜியத்தையும் மட்டும் கொண்டு எழுதினால் அது அப்படித்தான் நிற்கும்.

"ஆறு, பதினொன்னு, பதினாறு, பத்தொம்போது, இருவத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு! எட்டாம் நம்பர்ல அடுப்பெரிச்சா வூடு எப்படி வெளங்கும் எழிலு? என் வண்டி நம்பரைக் கூட்டிப் பாரு, ஒன்னு."

"அந்த வண்டிதான போன மாசம் பள்ளத்துல கெடந்துச்சுங்க ண்ணா?"

"உசுரோட எந்திரிச்சு வந்தேன்ல? அது நம்பராலதான்."

அவள் சிரித்துவிட்டாள். இந்த வீட்டுக்குள் தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

மேசைமேல் கேஸ் இணைப்பை ஒப்படைக்கும் ஃபாரம் கிடந்தது. கணவனைப் பிரிந்து பாப்பிரெட்டிப்பட்டியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். இதைக் காலி செய்துவிட்டுக் கடத்தூரில் தன் வீட்டு மாடியறைக்கு வரச்சொல்லி அண்ணன் வந்திருக்கிறார்.

"ஒத்தையாளுக்கு எதுக்கு ஒரு அடுப்பு? உன் அண்ணி ஆக்கிப் போடுவா. பஸ்ல ஸ்கூலுக்கு வந்துட்டுப் போ."

அவர் சொல்வதில் பொய்யில்லை. ஒரு சிலிண்டர் அவளுக்கு ஐந்து மாதம் வருகிறது. கொண்டுவருபவர்கூட, "ஊர்ல இல்லீங்களா டீச்சர்?" என்று கேட்கிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மாலைவரை ஒரு சொல்கூடப் பேசியிருக்க மாட்டாள்.

வந்த முதல் ஞாயிறு மத்தியானம்தான் அந்த எண்ணை வகுக்கத் தொடங்கினாள். 256-ஐ 256-ஆல் பெருக்கினால் 65536. ஆகவே 256-க்குக் கீழே உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் ஐம்பத்துநான்கு. ஒவ்வொன்றிலும் ஏதோ மிஞ்சியது. கடைசியாக 251-ஆல் வகுத்தாள், மீதி 26. பகா எண்தான். அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும்: 256-இன் வர்க்கம், கூட ஒன்றின் வர்க்கம். புள்ளிகளால் நிறைந்த பெரிய சதுரம். வெளியே ஒற்றைப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்து அன்று அழுதாள்.

இப்போது வெட்கமாக இருந்தது. அண்ணன் எட்டைப் பார்த்துப் பயப்படுகிறார். நான் புள்ளியைப் பார்த்து அழுதேன். இதில் என்ன வித்தியாசம்? அந்த எண்ணுக்கு எங்கள் இருவரையும் தெரியாது.

ஆனால் அந்த மத்தியானம்? ஐம்பத்துநான்கு முறை வகுத்து முடிக்கும்வரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட யாருமில்லை. கை மட்டும் நிற்காமல் எழுதிக்கொண்டே போனது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது அவளுடையது. மாடியறையில் மூன்றாவது எண்ணால் வகுப்பதற்குள் டீ குடிக்கக் கூப்பிடுவார்கள், அன்பாகத்தான். அவளும் இறங்கிப் போவாள். பிறகு தினமும் இறங்கிப் போவாள்.

"என்ன ரோசனை? போடு கையெழுத்து." அண்ணன் பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"எட்டுன்னு சொன்னேன்னு கோவமா?"

"அதெல்லாம் இல்லீங்க ண்ணா. நீங்க கூப்பிட்டதே போதும். சாப்ட்டுட்டுப் போங்க." ஃபாரத்தை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் வரலீங்க."