நிலுவையில் நின்ற வயது

விமானம் ஓட்டும் உரிமத்தை மாற்றித் தரும்படி நிர்ஜலா கௌசன் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து ஒன்பது வருடம் அவளுக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. வயிற்றிலிருந்த பத்து வாரக் கருவும் வளரவில்லை. படிவத்தின் கடைசிப் பக்கத்தில், முடிவு தெரியும்வரை விண்ணப்பதாரரின் விவரங்கள் மாறக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. எல்லாரையும் போல அவளும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டாள்.

நேபாள மலைக் கிராமமான மார்ஃபாவில் அப்பா ஆப்பிள் தோட்டத்தை விற்று அவளைக் கடல் தாண்டி ஒரு தீவு நாட்டுக்குப் படிக்க அனுப்பினார். இருநூற்றுப் பதின்மூன்று மணி நேரம் பறந்து, அந்த நாட்டு உரிமத்தோடு இருபத்து நான்கு வயதில் காட்மாண்டு திரும்பியவள், காத்திருந்த புஷ்கலைக் கல்யாணம் செய்துகொண்டாள். அங்கே வாங்கிய உரிமம் இங்கே செல்லாது. அது அசல்தான் என்று அந்த நாடு எழுதித் தர வேண்டும், அதன் பிறகு பரீட்சை, அதன் பிறகு பறந்து காட்ட வேண்டும். முதல் கடிதமே வரவில்லை. மாதம் ஒருமுறை விமானத்துறை அலுவலகத்துக்குப் போவாள். குமாஸ்தா அர்யால் அலமாரியைக்கூடத் திறக்க மாட்டார்.

"பதில் வரலையே தங்கச்சி. நான் போய் வாங்கிட்டு வரணும்னா எனக்குப் பறக்கத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

நகம் வெட்டி வெகுகாலம் ஆகிறது என்பது இரண்டாம் வருடம்தான் அவளுக்கு உறைத்தது. வருடாந்திர மருத்துவச் சோதனையில் எடை, நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் இம்மி பிசகாமல் ஒன்றாகவே இருந்ததால், நான்காம் வருடம் முதல் டாக்டர் பழைய தாளைப் பார்த்தே எழுதிக் கொடுத்தார். மசக்கை மட்டும் நிற்கவில்லை. ஒன்பது வருடமும் காலையில் கடுகெண்ணெய் வாசம் பட்டதும் வாந்தி எடுத்தாள். புஷ்கல் தன் சாப்பாட்டுக் கடையில் தாளிப்பதை நெய்க்கு மாற்றினான், விலை ஏறியது, பாதி வாடிக்கை போனது. அவனுக்கு முன்மண்டை வழுக்கையானது, மூக்குக் கண்ணாடி வந்தது. மூன்று தடவை அவனாகவே தொட்டில் வாங்கி, மூன்று தடவையும் யாருக்கோ கொடுத்தான்.

ஒன்பதாம் வருடம் தசைன் பண்டிகை முடிந்த வாரத்தில், சாப்பிட வந்த ஒருவர் கல்லாவில் இருந்த நிர்ஜலாவைக் காட்டி, "உங்க பொண்ணா அண்ணே?" என்று கேட்டார். "ஆமா" என்றான் புஷ்கல்.

கடை காலியானதும் அவள் கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வர்றவன் போறவனுக்கெல்லாம் கோப்புக் கதையச் சொல்லிக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்ல, நிர்ஜலா." மேசையைத் துடைத்தபடியே சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப் போனாள். திரும்பப் பெற்றால் ஒன்பது வருடக் காத்திருப்பும் இருநூற்றுப் பதின்மூன்று மணி நேரமும் இல்லாமல் போகும் என்று அர்யால் எடுத்துச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் பொறேன்."

"கொஞ்சம்னா எவ்வளவு சார்?"

அவர் முத்திரையை எடுத்தார். அந்த அலுவலகத்தில் அவளுக்காக நடந்த ஒரே வேலை எட்டு நிமிடத்தில் முடிந்தது. படி இறங்கும்போது, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, வயிற்றுக்குள் ஏதோ இறுகித் தளர்ந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் அழுதாள். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர், அங்கே பனி விழுகிறதா என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஏழாம் மாதம் பெண் பிறந்தது. தாயின் வயதைக் குடியுரிமை அட்டை முப்பத்து மூன்று என்றது, உடம்பு இருபத்து நான்கு என்றது. நர்ஸ் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள்.

குழந்தைக்கு ஆறு மாதம் நடக்கும்போது அர்யால் தொலைபேசியில் கூப்பிட்டார். தீவிலிருந்து கடிதம் வந்துவிட்டது, உரிமம் அசல்தானாம். "ஆனா விண்ணப்பம்தான் இல்லையே. புதுசா ஒண்ணு போட்டுடு, சீக்கிரம் முடிச்சிடலாம்."

நிர்ஜலா மடியிலிருந்தவளின் ஈறை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வேணாம் சார். இவளுக்குப் பல்லு முளைக்குது."

அர்யால் அதையே விண்ணப்பிக்காததற்குக் காரணமாகக் கோப்பில் எழுதி, மேலிடத்து ஒப்புதலுக்கு அனுப்பினார்.