ஏழாம் நம்பர் மலையின் தேத்தண்ணி

மே மாதக் கடைசியில் முதல் மழை பெய்த மூன்றாம் நாள், செல்வியைக் கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள். கண்கள் குழிந்திருந்தன. விரல் நுனிகள் நாள் முழுதும் துணி துவைத்தவளுடையவைபோல் சுருங்கியிருந்தன. அரிசி களைந்த நீர்போலப் பேதியாகிறது என்று அவள் கணவன் பாலன் சொல்லி முடிக்குமுன்பே, நர்ஸ் ஜெஸிந்தாவுக்கு நோயின் பெயர் தெரிந்துவிட்டது. காலரா.

பந்தலூர் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கும் கம்பவுண்டர்களுக்கும் முந்தைய ஆண்டுதான் ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். காலரா எப்படிப் பரவும், எப்படித் தடுப்பது, வந்தவர்க்கு முதலில் என்ன கொடுப்பது என்று இருபது கேள்விகள். இருபதுக்கும் சரியாக விடை எழுதியவள் ஜெஸிந்தா ஒருத்தியே. ஆகவே அவள் பதறவில்லை. செல்விக்குக் குளுக்கோஸ் ஏற்றினாள். பாலனிடம் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, கரண்டி கரண்டியாக ஊட்டச் சொன்னாள். சுகாதார நிலையத்துக்குச் செய்தி அனுப்பினாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தண்ணீர்த் தொட்டியில் தன் கையாலேயே பிளீச்சிங் பவுடர் கலந்தாள்.

ஆயினும் மறுநாள் மூவர் வந்தனர். அதற்கு மறுநாள் ஐவர். இருவரை ஜீப்பில் கூடலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அலமாரியில் குளுக்கோஸ் பாட்டில்கள் நான்கே எஞ்சின. செல்வியின் நாடியோ ஒரு வேளை தேறுவதும் மறு வேளை நழுவுவதுமாக இருந்தது. நோய் எந்த வழியாக வருகிறது என்று கண்டு அடைக்காவிட்டால், அடுத்து வருபவளுக்கு ஏற்றப் பாட்டில் இராது. இஃது ஒன்றே ஜெஸிந்தாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

நான்காம் நாள் காலை, விரலில் முள் குத்திய காயத்தோடு மூக்கம்மா வந்தாள். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்தவள், ஐம்பதை எட்டியவள், வாய்த்துடுக்குக்குப் பெயர் போனவள். இருமல் மருந்து கேட்டு வந்தால்கூட நாலு வார்த்தை குத்தாமல் போகமாட்டாள்.

"தொட்டிக்கு இன்னும் எத்தன தடவ மருந்து போடுவீங்க மிஸி? சோத்துல கூட அந்த நாத்தந்தான் அடிக்குது," என்றாள் கையை நீட்டியபடி.

"நோய் நிக்கிற வரைக்கும் போடணும் மூக்கம்மா. நாத்தத்தப் பொறுத்துக்கோ."

"தொட்டித் தண்ணியில நோய் இருந்தா என் பேத்தி மொதல்ல படுத்திருக்கணுமே. அது நாளெல்லாம் கொழாயில வாய வச்சிக்கிட்டுத்தான் கெடக்கு."

காயத்தில் மருந்து வைத்துக்கொண்டிருந்த ஜெஸிந்தாவின் கை நின்றது. மேசைமீதிருந்த நோயாளர் பட்டியலை இழுத்துப் பார்த்தாள். ஒன்பது பெயர்கள். ஒன்பதும் பெண்கள், ஒன்பதும் கொழுந்து பறிப்பவர்கள். ஒரு குழந்தைகூட இல்லை. ஃபேக்டரி ஆண் ஒருவனும் இல்லை. லயத்தில் எல்லாரும் குடிப்பது ஒரே தொட்டித் தண்ணீரைத்தானே.

"உன் கூட ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்குறவங்க எத்தன பேரு?"

"பதினோரு பேரு."

"யாருக்காவது வயித்தால போச்சா?"

"ஏன் போகுது? நாங்க என்னா மத்தவளுக மாதிரி பீலித் தண்ணியா குடிக்கிறோம்? மூணு கல்லக் கூட்டி, பழைய தகரத்துல நானே தேத்தண்ணி கொதிக்க வச்சிக் குடுக்கிறேன். பழகுன கை, சும்மா இருக்குமா?"

பீலி என்பது மலைச்சரிவில் ஓடும் நீரை மூங்கில் வைத்துக் கொட்டவிட்டிருக்கும் இடம். அதற்கு நேர் மேலேதான் பழுதடைந்து கிடந்த கழிப்பறைகள். அவற்றைப் பழுதுபார்க்க ஆளில்லாமல் போய் ஓராண்டாயிற்று. சனங்கள் புதர் மறைவுக்குப் பழகிவிட்டார்கள். முதல் மழை சரிவையெல்லாம் கழுவிப் பீலியில் இறக்கியிருக்கிறது.

ஜெஸிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளை உட்கார வைத்தது பீலி அன்று, தேத்தண்ணி.

தேயிலை விலை விழுமுன், காலை பத்து மணிக்கு ஒவ்வொரு மலைக்கும் பீப்பாயில் சூடான சாயத்தண்ணி, பாலில்லாத தேத்தண்ணி, போகும். பன்னிரண்டு ஆண்டுகள் அதைக் காய்ச்சியவள் மூக்கம்மா. விலை விழுந்ததும் மானேஜர் விலகிப் போனார். பெரிய கிளார்க் மருதாசலம் நிருவாகத்தைப் பார்த்தார். விறகும் ஆளும் மிச்சம் என்று பீப்பாயை நிறுத்த எண்ணியவர், அன்று ஜெஸிந்தாவை ஆபீசுக்கு அழைத்து, "ஏனுங்க நர்சம்மா, தேத்தண்ணிய நிறுத்தினா சனங்க ஒடம்புக்கு ஏதாச்சும் கெடுதலுங்களா?" என்று முறையாகத்தான் கேட்டார். "வெறும் சாயம்தானே சார், அதுல சத்து ஒண்ணும் இல்லை," என்று அவள் சொன்னாள். மறுவாரமே பீப்பாய் கவிழ்ந்தது. மூக்கம்மாவின் தலையில் கொழுந்துக்கூடை ஏறியது. மலையில் தாகத்துக்குப் பீலி மட்டுமே மிஞ்சியது.

இருபது கேள்விகளில் ஒன்று, நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைப் பற்றியது. அதற்கும் சரியாகத்தான் விடை எழுதியிருந்தாள்.

மூக்கம்மாவின் விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, நேரே ஆபீசுக்கு நடந்தாள்.

"நீங்கதானுங்களே சத்தில்லைன்னு சொன்னீங்க?" என்றார் மருதாசலம்.

"நான்தான் சொன்னேன் சார். சத்தை மட்டும் நெனச்சேன். கொதிச்ச தண்ணிங்கிறதை மறந்துட்டேன். தப்பு என்னுது. இன்னைக்கே பீலியை அடைக்கணும், பத்து மணிக்குப் பீப்பாய் மலைக்குப் போகணும். இல்லைன்னா நாளைக்கு யாரைக் கம்பளியில தூக்கிட்டு வருவாங்களோ தெரியாது."

அவர் ஜன்னல் வழியே குடோனைப் பார்த்தார். வாங்குவாரின்றித் தேயிலை மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"வெளிய விக்காத தேயில. நம்ம சனமாவது குடிக்கட்டுமுங்க," என்று சொல்லிச் சாவியை எடுத்தார். "கக்கூசுக்கும் நாளைக்கே கொத்தனார வரச் சொல்றேன். மூக்கம்மா வருவாளான்னு கேளுங்க. என் மேல அவளுக்குக் கோவம் இருக்கும்."

மூக்கம்மா வந்தாள், நிபந்தனையோடு வந்தாள். "பீப்பாய்க்கு மூடி வேணும், கொழா வேணும். எவளும் டம்ளர உள்ள விட்டு மொள்ளக் கூடாது. முன்ன இதச் சொன்னதுக்குத்தான் என்னைய மகாராணின்னாளுக."

அதற்குப் பின் வந்த நோயாளிகள் இருவரே. அவர்களும் முன்பே பீலியில் குடித்தவர்கள். கடைசிப் பாட்டில் அலமாரியிலேயே இருந்தது. ஆறாம் நாள் செல்வி எழுந்து உட்கார்ந்து கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று கணவனை ஏசினாள். அந்த ஏச்சைக் கேட்டு ஜெஸிந்தா, மருந்தறைக்குள் போய் நின்று, கர்த்தருக்கு நன்றி சொன்னாள். மனிதருக்குச் சொல்லவேண்டிய நன்றி பாக்கியிருந்தது.

செல்வி கூடையைத் தூக்கிய அன்று, ஜெஸிந்தாவும் ஒரு டம்ளரோடு மலையேறினாள். பெண்களெல்லாம் குடித்து முடிக்கும்வரை வரிசையின் கடைசியில் நின்றாள்.

"மூக்கம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் பீப்பாய நிறுத்தச் சொன்னது கிளார்க் இல்ல. என் பேச்சாலதான் நின்னுச்சு."

"தெரியும் மிஸி."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ஆபீசுல ஒங்க ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டாந்து வச்சது யாரு? நான்தான். 'சத்து ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிக்கிட்டே ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சீங்க."

கோப்பையை வைத்த கை யாருடையது என்று அன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பது ஜெஸிந்தாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கோவம் இருந்திச்சு. இல்லேங்கல," என்றாள் மூக்கம்மா. "ஆனா செல்விக்கு நாலு நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே. அதையும் பாத்தேன்ல. சரி, டம்ளர நீட்டுங்க. மிஸியா இருந்தாலும் கொழாவ நான்தான் தொறப்பேன்."

ஜெஸிந்தா இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்து நீட்டினாள்.