கோபக்காரி என்று வந்த அறிக்கை

பழுதான லிஃப்ட்டுகளைப் பற்றித் தொலைபேசியில் வரும் புகார்களைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. அழைப்பவர் சொன்னதை அப்படியே அடிப்பாள். ஊழியர்கள் எழுதியதைப் படித்து அவர்களுடைய குணத்தைச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நிர்வாகம் வாங்கியது. அது இவளைப் பற்றிச் சொன்னது: எளிதில் கோபப்படுபவர், பிறரைக் குறை கூறுபவர், யாருடனும் ஒத்துப்போகாதவர்.

பக்கத்து இருக்கைக்காரிக்கு வந்த அறிக்கையிலோ தேன் ஒழுகியது. யார் எப்படிக் கத்தினாலும் ‘வாடிக்கையாளர் சிறு சிரமத்தைத் தெரிவித்தார்’ என்று எழுதுகிறவள் அவள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் சர்க்கரை, இவள் பட்டாசு. காபி இயந்திரம் காசை விழுங்கியபோது அதன் ஏழு தலைமுறையையும் இழுத்துச் சர்க்கரை திட்டியதை மென்பொருள் கேட்டிருக்க வழியில்லை.

மேலாளர் கெட்டவர் இல்லை. அறிக்கையில் இருப்பது அழைத்தவர்களின் கோபம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் மேலிடம் அறிக்கையை மட்டும்தான் பார்க்குமாம். இருவரில் ஒருத்திக்குத்தான் இந்த மாதம் வேலை நிரந்தரமாகும். மற்றவள் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“கொஞ்சம் மழுப்பி எழுதும்மா. உன் சொத்தா போகுது?” என்றார்.

தலையாட்டினாள். வேலை போனால் அக்கா வீட்டு ஹாலில் படுக்க வேண்டும்; அத்தானின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். அன்று காலை முழுக்க மழுப்பினாள். அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

மதியம் ஒருவர் அழைத்தார். அவருடைய அப்பா சக்கர நாற்காலியில் இருப்பவர். லிஃப்ட் ஓடாததால் ஏழாவது மாடியை விட்டு இறங்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளும் தவறிவிட்டது. பலமுறை சொல்லியாயிற்றாம். அவள் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சர்க்கரையின் கைவண்ணம். சிறு சிரமம், மறுபடியும் சிறு சிரமம். எங்கே முதலில் போவது என்று மெக்கானிக்குகள் இவற்றைப் படித்துத்தான் முடிவு செய்வார்கள். சிறு சிரமத்துக்கு யார் ஓடுவார்கள்?

“எங்கப்பாவைப் பூட்டி வச்சிருக்கீங்க,” என்றது குரல். “எழுதிக்குங்க. ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க.”

எழுதினாள், வசவுகளையும் சேர்த்து. பிறகு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். கீழே தானாக ஒரு வரி சேர்த்தாள்: ‘இதைக் கேட்ட பிறகும் போகவில்லை என்றால் நமக்கு வெட்கமே இல்லை.’ அனுப்பினாள். காலையில் மழுப்பியவற்றையும் திறந்து, பதிவான குரல்களை மறுபடி கேட்டு, பழையபடி காரமாக்கினாள்.

சற்று நேரத்தில் மெக்கானிக் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் போன கையோடு, அந்தப் பதிவைப் படித்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் வந்தார். நாளைக்கு இந்த மாத அறிக்கை மேலே போகிறது, அந்தக் கடைசி வரியையாவது அழித்துவிடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

அவள் அடுத்த அழைப்புக்காக ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

“மத்ததெல்லாம் அவங்க கோபம் சார். கடைசி வரி மட்டும்தான் என்னது. அதை வச்சு எனக்கு மார்க் போடச் சொல்லுங்க.”