முப்பத்து மூன்றில் ஒரு விமர்சனம்

கண்ணாடிக் கடைக்காரருக்கு உலகத்தின் மேல் முப்பது வருடச் சலிப்பு. தொலைக்காட்சித் தொடர் எதுவானாலும் இரண்டாம் வருடத்தோடு செத்துவிடுகிறது. அதற்கப்புறம் ஓடுவது பிணம். படங்களில் வில்லன் தன் திட்டத்தை ஒப்பித்து முடிக்கும்வரை கதாநாயகன் கட்டிப்போட்ட நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறான். ராக் இசையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிடார் வாங்கியவனெல்லாம் கலைஞன்.

இதையெல்லாம் அவர் கடைக்கு வருகிறவர்களிடம்தான் சொல்லுவார். கண் பரிசோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறவர்கள் எழுந்து ஓட முடியாது என்பது ஒரு வசதி.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று லென்ஸை மாற்றிக் கேட்பார். பதில் வருவதற்குள், "அந்த சீரியல்ல அவளுக்கு ஞாபகம் போறது இது மூணாவது தடவை, கவனிச்சீங்களா?" என்பார்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவர் தன் மூக்குக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார். இரண்டு வருடமாகச் செய்தித்தாளைக் கை நீளத்துக்கு நீட்டித்தான் படிக்கிறார். மனைவி கேட்டால், "எழுத்தைச் சின்னதாக்கிட்டானுங்க. அதுவும் கெட்டுப்போச்சு" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பெரிய நாள். அவருடைய ராக் ரசிகர் சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் போடும். சங்கத்தாரின் குலதெய்வம் மாதிரியான நால்வர் குழு பதினொரு வருடம் கழித்துப் புது இசைத்தட்டு வெளியிட்டிருந்தது. இத்தனை வருடமும் மலரில் விமர்சனம் எழுதியவர் பல் டாக்டர். இந்தத் தடவைதான் வாய்ப்பு இவர் கைக்கு வந்தது. ஐந்து மணிக்குச் செயலாளரே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார்; மறுநாள் அச்சு. முப்பது வருடக் கருத்து முதல் தடவையாகத் தாளில் ஏறப்போகிறது.

நான்கு மணிக்கு, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு அதை வாசித்துக் காட்டினார்.

"'துள்ளிக் குதித்த குழு இன்று துக்கத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. பாடகரின் குரல் கிணற்றின் அடி ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கூடப் பாடிவந்த பெண்ணை நீக்கிவிட்டு, கனத்த ஆண்குரலைச் சேர்த்தது இந்தப் பத்தாண்டின் துணிச்சல்.'"

மனைவி ஒரு சட்டையை உதறினாள். அவள் வேலை செய்யும் தையல் கூடத்தில் நாள் முழுக்க ரேடியோ ஓடும்.

"இது அந்தப் புதுப் பாட்டுங்களா? எங்க கூடத்துல தினம் போடறாங்களே. அதுல பொண்ணுதானே பாடுது."

"அது பழைய பாட்டா இருக்கும்."

"புதுசுன்னு சொல்லித்தான் போடறான். அது வந்தாலே எங்க காலு மிஷின்ல பறக்கும். நேத்து ஒரு பாட்டுக்குள்ள நாலு காலர் முடிச்சேன்." தரையில் காலால் தட்டிக் காட்டினாள். தடதடவென்று இருந்தது. துக்கத்தின் சாயல் மருந்துக்கும் இல்லை.

"ரேடியோ கேக்கறவங்களுக்கு எல்லாமே தடதடதான்" என்றார் சலிப்போடு. "இதெல்லாம் உட்கார்ந்து கேக்கணும். ஒரு வாரமா கேக்கறேன். செயலாளர்கிட்ட சொன்னேன், அவரும் மூணாவது பாட்டுல கண்ணு கலங்கிட்டேன்னாரு. பல் டாக்டர் கூட கனம் கூடியிருக்குன்னு ஒத்துக்கிட்டாரு."

"அப்ப அட்டையில நிக்கற பொண்ணு யாரு?"

"அது குறியீடு."

மனைவி துணியை வைத்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இசைத்தட்டை எடுத்து, நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை உற்றுப் பார்த்தாள்.

"இதுல நாற்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. நீங்க எதுல ஓட்டறீங்க?"

அவர் ஓட்டியது முப்பத்து மூன்றில். பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு நாற்பத்தைந்து. இது ரசிகனுக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரிந்த பாடம். அதனாலேயே அவர் பார்க்கவில்லை; பார்த்திருந்தாலும் கண்ணாடி இல்லாமல் அந்தப் பொடி எழுத்து தெரிந்திருக்காது. ஒலி துல்லியமாக இருக்கட்டும் என்று பெரிய தட்டையே நாற்பத்தைந்தில் பதிந்து தொலைத்திருந்தார்கள்.

மனைவி தட்டைப் பிளேயரில் போட்டு முள்ளை வைத்தாள். கிணற்றின் அடியிலிருந்து குரல் வந்தது. வேகக் குமிழை நாற்பத்தைந்துக்கு நகர்த்தினாள். பாடகர் சட்டென்று கிணற்றை விட்டு ஏறிவந்து குதித்தார். பக்கத்தில் ஒரு பெண், தெளிவாக, சிரித்துக்கொண்டே பாடினாள்.

மறுபடி மெதுவாக்கினாள். மறுபடி வேகமாக்கினாள்.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவர் கையில் நான்கு பக்கம். இல்லாத ஒரு இசைத்தட்டைப் பற்றி அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல நான்கு பக்கம். எரிச்சல் யார்மேல் என்று கொஞ்ச நேரம் தேடினார். குழுவின் மேல்தான் என்று முடிவு செய்தார். "பாவிங்க. கெடுத்துட்டானுங்க. முப்பத்து மூணுலதான் நல்லா இருக்கு."

"அப்ப அதை எழுதுங்க" என்று மனைவி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

வாசல் மணி அடித்தபோது மணி ஐந்து. பள்ளி வேன் ஓட்டுகிற செயலாளர் சொன்ன நேரம் தவறாதவர். வாசலிலேயே தாளை வாங்கி, தலைப்புக்கு மேல் புதிதாக எழுதியிருந்ததைப் படித்தார்: 'இந்த இசைத்தட்டு நாற்பத்தைந்து சுற்றுக்கு உரியது. விமர்சகர் கண்ணாடி போடாததால் முப்பத்து மூன்றில் கேட்டு எழுதியது பின்வருமாறு.'

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"நீங்க எதுல போட்டீங்க?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "மூணாவது பாட்டுல கண்ணு கலங்கிச்சுன்னீங்களே."

"நான் இன்னும் உறையே பிரிக்கலை சார். பிரிச்சா புதுசு போயிடும்."

"பல் டாக்டர்?"

"அவர்கிட்ட பிளேயர் ரிப்பேராகி ஆறு வருஷம் ஆச்சு." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "சார், மேல இருக்கற இந்த ரெண்டு வரியை மட்டும் எடுத்துடலாம். ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல. சங்கத்துல கேட்டதே நீங்க ஒருத்தர்தான்."

உள்ளே பாட்டு நாற்பத்தைந்தில் ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் கால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வரிகள் இல்லாவிட்டால் அடுத்த வருட மலரும் அவருக்குத்தான். இருந்தால், பல் டாக்டர் திரும்பி வந்துவிடுவார்.

"இருக்கட்டும்" என்றார், உலகத்தின் மேல் இருந்த அதே சலிப்போடு. "மொத்தத்துல அந்த ரெண்டு வரிதான் நான் ஒழுங்காப் பார்த்து எழுதினது."