சாட்சி இல்லாத பெயர்

அஞ்சுகத்துக்கு அறுபது முடிந்த மறுநாள், பால் பாக்கெட்டோடு சேர்த்து ‘கிழவி’ என்ற சொல்லையும் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சொல் ஓர் ஈரச்சாக்கில் இருந்தது; நல்ல கனம். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் வரும். ஏழு நாளுக்குள் பழைய பெயரை வார்டு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

அவள் சொல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கணவர் தங்கப்பழமும் வந்தார். அவருக்கு நான்கு வருடம் முன்பே ‘பெரியவர்’ வந்துவிட்டது. கூடவே ஒரு நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். போகிற இடமெல்லாம் அது அவர் பின்னால் நடந்து வரும்.

அலுவலகத்தின் நடை, நடக்க நடக்க நீண்டது. மதியத்துக்குள் கவுண்டர் வந்து சேர்ந்தது.

“எனக்கு இது வேண்டாம்மா. என் பேரே இருக்கட்டும்.”

எழுத்தர் சின்னப் பெண். “அகராதியில வயசான பொம்பளைன்னுதான போட்டிருக்கு? இதுல என்ன கோவம்?”

“தெருவுல யாரும்மா அகராதியப் பாத்து ஏசுதா?”

எழுத்தர் சாக்கைப் பிரித்தாள். அடியில் ‘பொல்லாத’, ‘ஓட்டைவாய்’, ‘சூனியக்கார’ எல்லாம் சுருண்டு கிடந்தன.

“இதெல்லாம் இலவசம்.”

“அவருக்கு இப்படி ஒண்ணும் வரலயே.”

“அவருக்கு நாற்காலி வந்திருக்குல்லா.”

நாற்காலி கால் மாற்றி நின்றது.

பெயரை வைத்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. கடந்த பத்து வருடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அஞ்சுகம் யோசித்தாள். பிள்ளைகளுக்கு அம்மா. கொழுந்தன்மாருக்கு மதினி. பால்காரருக்கு மூணாம் நம்பர் வீடு. பெயர் சொல்லிக் கூப்பிட்ட அக்கா செத்துப் பதினோரு வருடம்.

அவள் கணவரைப் பார்த்தாள்.

“பெரியவரே, இவங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?” என்று கேட்டாள் எழுத்தர்.

தங்கப்பழம் நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். “ஏளான்னு கூப்பிடுவேன்.”

“அது பேரு இல்லையே.”

“அவ திரும்பிப் பாப்பாளே.”

எழுத்தர் கையை நீட்டினாள். அஞ்சுகம் வாயைத் திறந்தாள். பெயர் ஆடுகிற பல்லைப் போல வலியில்லாமல் கழன்று வந்தது. எழுத்தர் அதைத் துடைத்து இழுப்பறையில் வைத்தாள். உள்ளே தெருப் பெண்களின் பெயர்கள் நிறையக் கிடந்தன. அதிகம் புழங்காதவை. புதுசாகவே இருந்தன.

திரும்பும்போது நடை நாலே எட்டில் முடிந்துவிட்டது. அவள் முந்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

“கிழவி, நில்லு,” என்றார் தங்கப்பழம் பின்னாலிருந்து. “நாற்காலிக்கு மூச்சு வாங்குது.”

கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்தில் அவர் அவளை ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.