மாதா முடக்குக் குறுக்கு

அந்த மெடலை எங்கள் வீட்டுக் காம்பராச் சுவரில் மாட்டியது என் புருஷன் யாகோப்பு. நான் அடுப்பில் போடச் சொன்னேன். "தகரம் எரியாது கலா" என்று சிரித்தார். அந்த மனிதருக்கு எதற்குத்தான் கோபம் வரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கலந்துகொண்டதற்காகக் கொடுத்த மெடலாம். நாங்கள் என்ன கலந்துகொள்ளவா போனோம்?

லுணுகலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். டவுனிலிருந்து வரும் ரோடு, மாதா சிலை வைத்த கெபி இருக்கும் முடக்கில் வளைந்து, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி ஸ்டோருக்கு வந்து சேரும். தேயிலை அரைக்கிற பக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ரோடு லொறிக்கும் தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப்புக்கும். நாங்கள் நடப்பது குறுக்கில். கெபிக்குப் பின்னால் தேயிலைக்குள் புகுந்து நேரே ஏறினால் பாதி மலையில் எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயம், அதற்கும் மேலே ஸ்டோர். கொழுந்து மூட்டையோடும் அரிசி மூட்டையோடும் நாங்கள் ஏறி இறங்குவது அந்த வழியில்தான். செத்தவர்களைக் கொண்டுபோவதும் அதில்தான்.

போன மழைக்கு லயத்துக்குக் கீழே மண் சரிந்து, குறுக்கில் இருந்த படிகளெல்லாம் போய்விட்டன. மற்றவர்கள் தேயிலைச் செடியின் வாதைப் பிடித்துக்கொண்டு எப்படியோ இறங்குகிறோம். என் மகள் ரொஷானியால் முடியவில்லை. பிறக்கும்போதே அவளுக்கு ஒரு பாதம் வளைந்திருந்தது. படி இருந்தவரைக்கும் கோலை ஊன்றிக்கொண்டு தானே இறங்கி ஸ்கூலுக்குப் போனாள். படி போன பிறகு யாகோப்பு முதுகில் சுமந்துகொண்டுபோய்க் கெபியடியில் விட்டார். பதினைந்து வயதுப் பெண். பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, அப்பன் முதுகிலிருந்து இறங்க வேண்டும். ஒரு நாள் வந்து புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, "இனி நான் போகலம்மா" என்றாள்.

துரைக்கு அடுத்தவரான சின்னத்துரையிடம் போய்ப் படி கட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். "அது பாதையே இல்லையே. ஆளுங்க தன்பாட்டுல வெட்டிக்கிட்ட வழிதானே" என்றார். அவர் பங்களாவுக்குச் சமைக்கப் போகிறவளும் அந்த வழியாகத்தான் போகிறாள். அவளுக்கு இறக்கையா இருக்கிறது?

அந்த நேரத்தில்தான் பதுளையிலிருந்து கிருபாகரன் வந்தார். ஓட்டக்காரர்களின் சங்கம் ஒன்றை நடத்துகிறவர். நல்ல பிள்ளை, வாய் நிறைய அக்கா, அக்கா. வருஷா வருஷம் தர்மத்துக்காக ஓட்டப்போட்டி வைப்பார்களாம், இந்த வருஷம் எங்கள் தோட்டத்தில். ஓட முடியாதவர்களுக்கு நடைப்போட்டி, ஆறு பேர் ஒரு கூட்டம். எந்தக் கூட்டம் முதலில் முழுசாக வந்து சேருகிறதோ, அந்தக் கூட்டம் கேட்கிற வேலையைச் சங்கமே செய்து கொடுக்கும்.

"எதக் கேட்டாலுமா தம்பி?"

"ஊருக்குப் பொதுவான வேலையா இருந்தாச் சரி அக்கா."

"குறுக்குல கொங்கிரீட்டுப் படி? புடிச்சு எறங்க ஒரு கம்பி?"

"தாராளமா. டவுன் கிரவுண்டுல இருந்து ஸ்டோர் வரைக்கும் நடந்து வாங்க, அவ்வளவுதான்."

ஓடிப்போய் ரொஷானியிடம் சொன்னேன். "கம்பி போட்டா ஸ்கூலுக்குப் போவியா?"

"கம்பி இருந்தா நானே போவேன். நீங்க ஜெயிச்சாத்தானே."

"கொழுந்து எடுக்கிறவளுகள நடையில எவடி ஜெயிக்கப் போறா?" என்றேன். என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்துப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டுவிட்டு ஆறு பேரும் போனோம். முன்னால் இருதயம்மா அக்கா, அடுத்து நான், எனக்குப் பின்னால் ஜெயலெட்சுமியும் மற்றவர்களும். சேலைக்கு மேலே ஆளுக்கொரு மஞ்சள் டீசர்ட். எங்களுக்குப் போட்டி என்றால் எல்ல டவுனில் ஹோட்டல் நடத்துகிறவர்களின் கூட்டம் ஒன்றுதான். சப்பாத்தும் கைக்கடிகாரமுமாக வந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். மேல் முடக்கில் சுற்றுலாக்காரர் நின்று படம் பிடிக்கிற இடத்துக்குக் கம்பிவேலி கேட்கப் போகிறார்களாம். மைக்கில் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் நீட்டி முழக்கி என்னென்னவோ சொன்னார்கள். தமிழுக்கு ஒரு வணக்கம், ஒரு நன்றி, முடிந்தது.

ஓடுகிறவர்களை முதலில் விட்டு, பிறகு எங்களை விட்டார்கள். ஹோட்டல்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கெபி வரைக்கும் தோளோடு தோளாக வந்தார்கள். கெபியில் இருதயம்மா அக்கா எப்போதும் போல நெற்றியில் சிலுவை போட்டார். எப்போதும் போலக் கெபிக்குப் பின்னால் திரும்பினார். நாங்களும் திரும்பினோம். அந்த மாதாமேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒருத்திக்குக்கூட வேறு நினைப்பு வரவில்லை. ஸ்டோருக்கு நடப்பது என்றால் எங்களுக்கு அதுதான் நடை. மண் சரிந்த இடத்தில் ஒருத்தியை ஒருத்தி கை கொடுத்து இழுத்தோம். "இந்தா, இந்த எடத்துலதாண்டி மொதக் கம்பி" என்று நான் மூச்சிரைக்கச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஸ்டோர் முற்றத்தில் நாங்கள் ஏறி வந்ததும் ஒரே கைதட்டல். யாகோப்பு ரொஷானியைச் சுமந்து வந்து ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் அவள் கோலைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

கிருபாகரன் எங்கள் கையைப் பார்த்தார். "எங்க அக்கா செவப்பு வளையம்?"

"என்ன வளையம்?"

"மூணாவது முடக்குல ரப்பர் வளையம் ஒண்ணு மாட்டியிருப்பாங்களே?"

"நாங்க எங்க தம்பி மூணாவது முடக்குக்குப் போனோம்? கெபியில ஏறி நேரா வந்தோம்."

அவர் முகம் சுண்டிப்போனது. "ஐயோ அக்கா, ரோட்டால இல்லையா வரணும்?"

"ரோட்டாலன்னு எப்ப சொன்னீங்க? ஸ்டோர் வரைக்கும் நடங்கன்னுதானே சொன்னீங்க?"

"ரேஸுன்னா ரோட்டாலதானே அக்கா. வேற எப்படி?"

வேறு எப்படி என்று என்னைக் கேட்கிறார்! அவருக்கு ரோட்டைத் தவிர இன்னொரு வழி இருப்பது தெரியாது. எங்களுக்கு ரோடு என்று ஒன்று இருப்பது ஞாபகத்துக்கே வரவில்லை. இதில் யாரைப் பிடித்துத் திட்டுவது? எல்லாரையும் திட்டினேன்.

"சரி, இப்பவே குறுக்கால எறங்கி, கெபியில இருந்து ரோட்டால நடந்து வாரோம். ஹோட்டல்காரங்க இன்னும் வரலையே?"

"முடியாது அக்கா. ரூல்ஸுல எடமில்ல. காசு குடுத்த கம்பெனிக்காரங்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"அப்ப நீங்களாவது வந்து அந்தக் குறுக்கைப் பாருங்க. எங்க புள்ள எதுல எறங்குதுன்னு பாருங்க."

"கட்டாயம் ஒரு நாள் வாரேன் அக்கா" என்றார். அந்த ஒரு நாளை நான் நிறையப் பேர் வாயில் கேட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் ஹோட்டல்காரர்கள் கையில் சிவப்பு வளையத்தோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மாலை, போட்டோ, மேல் முடக்குக்குக் கம்பிவேலி. களவெடுத்துப் பிடிபட்டவர்கள் மாதிரி நாங்கள் ஒரு ஓரத்தில் நின்றோம். யாரோ ஒரு பெண் வந்து எங்கள் கழுத்தில் மெடலைப் போட்டுவிட்டுப் போனாள்.

யாகோப்பு குனிந்தார். ரொஷானி முதுகில் ஏறி, அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இருதயம்மா அக்கா வழியெல்லாம் "என்னாலதாண்டி, என்னாலதாண்டி" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். அதுவேறு எனக்கு எரிச்சல்.

சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. யாரையாவது இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஸ்டோருக்கு ஏறினேன். ஒருத்தரும் இல்லை. வெறும் தண்ணீர்ப் போத்தல்கள் உருண்டு கிடந்தன. கடைசி முடக்கிலிருந்து ஸ்டோர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும், ஓட்டக்காரர்கள் விலகிப் போகாமல் இருக்க, இரும்புக் குத்தி நட்டு நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு நெடுகச் சின்னச் சின்னக் கொடிகள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு லயத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"அக்கா! அலவாங்க எடுத்துக்கிட்டு எல்லாரையும் வரச் சொல்லுங்க!"

இருட்டுவதற்குள் ரோட்டிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கி, லயத்திலிருந்து கெபிவரைக்கும் அலவாங்கால் குழி தோண்டிக் குத்திகளை நட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டோம். முடிச்சுப் போட்டதெல்லாம் யாகோப்பு. கடைசி முடிச்சுப் போடும்போது கிருபாகரனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அங்க கட்டியிருந்த கயிறக் காணோமாம். வாடகைக்கு எடுத்தது அக்கா."

"பத்திரமா இருக்கு தம்பி. வந்து அவுத்துக்கிட்டுப் போங்க. கெபிக்குப் பின்னால ஏறுனீங்கன்னா கயிறு ஆரம்பிக்கும். அதையே புடிச்சுக்கிட்டு ஏறி வாங்க, வீட்டுல டீ குடிச்சிட்டுப் போகலாம்."

"சரிக்கா" என்று போனை வைத்துவிட்டார். இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, நான் எழுப்பாமலே ரொஷானி வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். யாகோப்பு பழக்கத்தில் குனிந்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தாள். மற்றக் கையில் கோல். மண் சரிந்த இடத்தில் கால் வழுக்கி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்தேன்.

"வராதீங்கம்மா! அங்கேயே நில்லுங்க."

நின்றேன். பிள்ளை தட்டுத் தடுமாறிக் கயிற்றைப் பிடித்து எழுந்தாள். பின்பக்கமெல்லாம் சேறு. அப்படியே இறங்கினாள். கெபியடியில் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் கால் வைத்ததும் திரும்பி, அன்றைக்கு ஸ்டோர் முற்றத்தில் ஆட்டியது போலவே கோலைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

யாகோப்பு சுமை இல்லாத முதுகோடு நின்று சிரித்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்தக் கயிறு அடுத்த மழைக்குத் தாங்காது, குத்தியோடு மண் போய்விடும், எனக்குத் தெரியும். ஆனாலும் பாருங்கள், இத்தனை நாளும் என் பிள்ளைக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு கயிறுதான்.